பனியில் வைத்த கேன்கள்

பால் தீர்ந்துபோன பிளாஸ்டிக் கேனை உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? குப்பையில் போடுவீர்கள். நான் வருஷம் முழுக்கச் சேர்த்து வைப்பேன். பக்கத்துப் பண்ணை லெம்பியும் அவள் வீட்டுக் கேன்களைக் கொண்டுவந்து தருவாள். ஜனவரியில் கேனை இடுப்போடு அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, நாலு விரல் மண் நிரப்பி விதைப்பேன். அறுத்த இடத்தை டேப்பால் ஒட்டி வெளியே பனியில் வைத்துவிடுவேன். மூடி மட்டும் போடக் கூடாது. வாய் வழியாகப் பனி உள்ளே விழ வேண்டும்.

மினசோட்டாவின் இந்த மேல்கோடியில் விதையை எழுப்புவது குளிர்தான். மாசக்கணக்கில் உறைந்து கிடந்தால்தான் தோல் இளகி ஏப்ரலில் ஒழுங்காக முளைக்கும். பாவம் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதோடு போயிற்று. நீங்கள் எழுதிக்கொள்வதால் சொல்கிறேன், இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் கணவர் ரெய்னோவுக்கு மறதி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒருநாள்கூட நான் அவரைத் திட்டியதில்லை. தினமும் காலையில் முகம் மழித்துவிட்டேன். சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலில் முதுகு தேய்த்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மகள் கிர்ஸ்தி வேலியோரம் நீல லூபின் பூச்செடி வளர்த்திருந்தாள். அவள் கார் விபத்தில் போன மறுவருஷம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். செடியெல்லாம் தார் அடியில் போய்விட்டது. அவள் கையால் பறித்து உறையில் போட்டு வைத்திருந்த விதை மட்டும் மிஞ்சியது. போன குளிர்காலத்தில் பாதியை விதைத்தேன். ரெய்னோ அந்தக் கேன்களைத் தூக்கி வந்து அடுப்போரம் வரிசையாக வைத்துவிட்டார். இரண்டே வாரத்தில் முளைத்து, நூல் மாதிரி நீண்டு, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து செத்தன.

லெம்பி சிரித்தாள். "அடுத்த வருஷம் கேனுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னச் சொல்லப்போறான் பாரு உன் புருஷன்" என்றாள். நானும் சிரித்தேன்.

இந்த ஜனவரியில் மீதி விதையை ஒரே கேனில் போட்டேன். அதற்குப் பிறகு உறை காலி. ஜன்னலிலிருந்து பார்க்க வசதியாக அதைப் பின்வாசலுக்குப் பக்கத்தில், வரிசையின் முதலில் வைத்தேன். அதையும் ஐந்து தடவை அவர் உள்ளே எடுத்து வந்தார். ஐந்து தடவையும் நான் வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

"யாரு விதை இது?" என்பார்.

"கிர்ஸ்தியோடது."

"அவ எப்ப வருவா?"

"வர மாட்டா, ரெய்னோ."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. சட்டையோடும் செருப்போடும் அவர் வெளியே போனார். நான் பார்த்தேன். போன பிறகு பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். வாசல் கதவு ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. கேனைத் திரும்ப வைக்கப் பழகட்டும் என்றுதான்.

கேனைக் கட்டிக்கொண்டு வந்து தட்டினார்.

"ஐலி, கதவத் தெற. குளிருதுடி."

"கேனை வச்சுட்டு வா, தெறக்கறேன்."

"எந்தக் கேனு?"

"உன் கையில இருக்கே, அது."

"அட, ஆமா!" என்று சிரித்துக்கொண்டே போனார். அங்கிருந்து கேன் வரிசைக்குப் பன்னிரண்டு அடி. வைத்தார். நின்றார். எதற்கு வந்தோம் என்று மறந்துபோய், அதையே எடுத்துக்கொண்டு திரும்பினார். நான் அதையே சொன்னேன். மறுபடியும் போனார், மறுபடியும் எடுத்து வந்தார். நான் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. நியாயமான ஒரு விஷயத்தைத்தான் கேட்டேன்.

மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்தார். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.

"பாத்தியா, வச்சுட்டேன். நான் சொன்ன பேச்சு கேக்கற புள்ளதானே?"

விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. நான் இரண்டாவது கோப்பை காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது திறந்தால் அரை மணியில் திரும்பவும் போவார், நாளைக்கும் போவார், ஏப்ரல்வரை போவார் என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் தட்டினார். பலமாக இல்லை. யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல மரியாதையாகத் தட்டினார். பிறகு "கிர்ஸ்திக்குக் குளிருமே, ஐலி" என்று சொன்னது கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நாலரைக்கு இருட்டிவிட்டது. சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அவரை நான் வெறுத்ததில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். படியில் உட்கார்ந்திருந்தார். கேனைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார். பொத்தான்களைக் கழற்றி அதை எடுத்து, மண் உறைந்துதான் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, வரிசையில் அதன் இடத்தில் வைத்தேன். பிறகு உங்கள் ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.