மார்கழியில் கேட்ட கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் கிருஷ்ணராசா மாமா அவர்களே, லண்டன் மோர்டன் மாதர் மன்றத்து அம்மாமாரே, அன்ரிமாரே, இந்த மழைக்குள் பஸ் பிடித்து வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் விதுஷா. கணேஸ்வரனின் மகள். மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லாததால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். இன்றைய கூட்டத் தலைவர் பரமேஸ்வரன் ஐயா எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார். “நன்றியை மட்டும் சொல்லிப்போட்டு இறங்கு பிள்ளை” என்றார். நன்றியில்தான் தொடங்குகிறேன், ஐயா. ஆனால் இரண்டு நிமிடத்தில் முடியாது.

எங்கள் தலைவி திருமதி ஜெயகௌரி கிருஷ்ணராசா அவர்களுக்கு நன்றி. பதினெட்டு வருடம் இந்த மன்றத்தை நடத்தியவருக்கு நன்றி. கவுன்சிலில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அரசாங்க உதவிப்பணம் பற்றிய உங்கள் பெனிபிட் கடிதங்களை வாசித்துச் சொன்னவருக்கு நன்றி. உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காதபோது யார் போய்ச் சண்டை போட்டார்? ஜெயகௌரி அன்ரி. உங்களில் எத்தனை பேரின் பேறுகால வார்டுக்கு ஒரு கையில் மொழியையும் மறு கையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தண்ணிப் போத்தலையும் கொண்டு ஓடி வந்தார்! நான் எண்ணப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

என் பின்னால் ஒரு பெரிய பதாகை கட்டியிருக்கிறது. “எங்கள் நிரந்தரத் தலைவிக்கு அஞ்சலி” என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல எழுத்து, நல்ல நிறம். ஆனால் இந்த நிரந்தரத் தலைவியை இந்த வருடம் சித்திரையில் “உடல்நலம் கருதி” விலக்கியவர்கள் யார்? அப்போது அவருக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லை! போன மாதம் மூளையில் இரத்தம் கசியும் வரைக்கும் அவருக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் நீங்கள் கொடுத்த வருத்தம்.

ஏன் விலக்கினீர்கள்? எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவரும் மேடையில் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், 2007ஆம் ஆண்டு விஜயதசமி. இதே மண்டபம். ஏடு தொடக்கல் முடிந்து, அவலும் கடலையும் கொடுத்து முடிய, இப்போது மேடையில் இரண்டாவது கதிரையில் இருக்கும் நிதி ஆலோசகர் திரு. சந்திரகுமார் அவர்கள் எழுந்து பேசினார். உயிர்க்காப்பும், அதாவது ஆயுள் காப்புறுதியும், சேமிப்பும் சேர்ந்த ஒரு திட்டம். லண்டன் பங்குச் சந்தையின் சுட்டெண் ஏறினால் வட்டி ஏறும். இறங்கினால் வட்டி பூச்சியம், அதற்குக் கீழே போகாது. “ஏத்தம் எங்களுக்கு, இறக்கம் கம்பனிக்கு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். “இண்டைக்கு மாதிரி நல்ல நாள் இனி அடுத்த வருசம்தான்” என்றும் சொன்னார். அவ்வளவுதான். ஏடு தொடக்கிய பிள்ளைகளின் விரலில் ஒட்டிய அரிசி உதிரும் முன்னர், அப்பாமார் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். என் அப்பாவும் போட்டார். ஜெயகௌரி அன்ரியும் போட்டார். ஒருவரும் வாசிக்கவில்லை. நல்ல நாளில் வைக்கும் கையெழுத்தை வாசித்துப் பார்ப்பது அபசகுனம் என்று நினைத்தோமோ தெரியாது.

அந்தத் திட்டம் எப்படி வட்டி போடுகிறது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் ஜெயகௌரி அன்ரிதான். மன்றம் அவரை விலக்கிய பிறகு, தன் சொந்தக் காசில் நூலகத்து அறையை எடுத்து சனிக்கிழமைகளில் ஓர் உதவி மேசை போட்டார். முதல் கிழமைகளில் ஒருவரும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் கேட்டேன்.

“விதுஷா, எங்கட காசு சந்தைக்குள்ள போகவே இல்லை” என்றார். “நாங்கள் கிரவுண்டுக்கு வெளியில நிண்டு ஸ்கோர் போர்ட்டைப் பாக்கிற ஆக்கள். அதிலயும் வருசத்தில ரெண்டு தரம்தான் பாக்கலாம். தொடங்கின அண்டைக்கு ஒருக்கா, வருசம் முடிய ஒருக்கா. இடையில எத்தினை சிக்ஸர் அடிச்சாலும் எங்களுக்குச் சேராது.”

“ரெண்டாந்தரம் பாக்கேக்க கூடியிருந்தா?”

“நூற்றுக்கு ஒன்பது வரைக்கும் தருவாங்கள். அதுக்கு மேல எங்களுக்கு இல்லை. அந்த ஒன்பதையும் அடுத்த வருசம் எட்டாக்க கம்பனிக்கு ஏலும்.”

“குறைஞ்சிருந்தா?”

“வட்டி பூச்சியம். சந்திரகுமார் அதில பொய் சொல்லேல்லை. ஆனா உயிர்க்காப்புக்கான கட்டணமும் கம்பனிச் செலவும் மாசாமாசம் அதே காசில இருந்துதான் வெட்டுப்படும். வட்டி பூச்சியத்தில நிக்கும் பிள்ளை, காசு நிக்காது.”

அன்ரி சொன்னதில் விளங்காத ஒரு சொல் இருக்கிறதா? இதைச் சொல்ல எத்தனை நிமிடம் எடுத்தது? இதை 2007இல், கையெழுத்துக்கு முன்னர், இந்த மேடையில் சொல்லியிருக்க முடியாதா, ஐயாமாரே?

நாங்கள் எல்லோரும் ஒரே நல்ல நாளில் தொடங்கியதால் எல்லோருக்கும் வருடம் முடிகிற நாளும் ஒன்றாகவே வந்தது. அது 2008 ஒக்ரோபர். வங்கிகள் ஒவ்வொன்றாக விழுந்த மாதம். அந்த ஒரு நாளில் சுட்டெண் முந்திய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கீழே கிடந்தது. தையில் ஒருவர், சித்திரையில் ஒருவர், ஆடியில் ஒருவர் என்று தொடங்கியிருந்தால் ஆளுக்கொரு கணக்கு வந்திருக்கும். ஒருவருக்காவது ஏதாவது தப்பியிருக்கும். மோர்டன் முழுவதும் ஒரே கிழமையில் ஒரே பூச்சியத்தைத் தபாலில் வாங்கியது. லண்டனில் வேறு எந்தச் சனத்துக்காவது இப்படி நடந்திருக்குமா?

உங்கள் கோபம் யார் மேல் போனது? சந்திரகுமார் அங்கிளிடம் போகவில்லை. அவர் அடுத்த கிழமையே வீடு வீடாக வந்து, “பழசை நிப்பாட்டுங்கோ, அதைவிட நல்ல புதுசு ஒண்டு இருக்கு” என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நிற்பாட்டியதற்குக் கம்பனி தண்டமாக ஒரு பங்கை வெட்டியது. புதியதற்கு அவருக்கு இன்னொரு கொமிசன் வரும். உங்கள் கோபம் மண்டபத்தைத் திறந்துவிட்ட பெண்ணின் மேல் போனது. “அவவுக்கும் பங்கு இருக்கும்” என்று கோயில் வாசலில் கதைத்தீர்கள்.

அந்தக் கதை காதில் விழுந்தும் ஜெயகௌரி அன்ரி உங்கள் வீடுகளுக்கு வந்தார். ஆத்திரத்தில் நிற்பாட்ட வேண்டாம், இப்போது சுட்டெண் கீழே இருக்கிறது, அடுத்த வருடக் கணக்கு அந்தக் கீழ்ப்படியில் இருந்துதான் தொடங்கும் என்று சொல்ல வந்தார். அவர் சொன்னது சரியா, பிழையா? இந்த ஒக்ரோபரில் சுட்டெண் காற்பங்குக்கும் மேல் ஏறியிருந்தது. நிற்பாட்டாதவர்களுக்கு அதில் நூற்றுக்கு ஒன்பதேனும் கிடைத்தது. அதுவும் கட்டணங்கள் வெட்டித் தின்று மிஞ்சிய காசின் மேல்தான் விழுந்தது. இன்னும் போட்ட காசு வரவில்லை. நிற்பாட்டியவர்களுக்கு அதுவும் இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது கிறிஸ்மஸ் வரும் நத்தார்க் கிழமையில். அதற்குள் அப்பா நிற்பாட்டிவிட்டார். நான் வீட்டுக்குள் நடையோடையில், கதவுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நடந்ததைப் பற்றி இந்த மண்டபத்தில் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. நான் இருந்தேன்.

அப்பா கதவை அரைவாசிதான் திறந்தார். “வாங்கோ எண்டு சொல்ல மனம் வரேல்லை, அக்கா. கொமிசன் எவ்வளவு கிடைச்சது?”

“நானும் உம்மை மாதிரிக் கட்டினவள்தான், கணேஸ். பழசை நிப்பாட்டிப்போட்டீரோ?”

“ஓம்.”

“புதுசு தொடங்கீட்டீரோ?”

“தைப்பொங்கலுக்குத் தொடங்கிறம். சந்திரகுமார் நாள் பாத்துத் தந்தவர்.”

“கணேஸ், அதுவரைக்கும் உமக்கு ஒரு காப்பும் இல்லை. தெரியுமோ? காசு போனது போகட்டும். மினிகாப் டாக்ஸி ஓடுற மனிசன் நீர். ரெண்டு பிள்ளையள். இண்டைக்கே தொடங்கும்.”

“மார்கழியில ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமே, அக்கா? போன தரம் நல்ல நாளிலயே இந்தக் கதி!”

அப்போதுதான் அன்ரி அதைக் கேட்டார். “மார்கழியில யமனுக்கும் லீவோ, கணேஸ்?”

அப்பா கதவை அடித்துச் சாத்தினார்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பழைய காப்பு இல்லை. புதியது தொடங்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு பக்கத்து ஊரான ரூட்டிங்கில் கடையொன்றில் கல்லாவில் நிற்பது அதனால்தான். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? செத்த வீட்டில், என் அம்மாவின் காதுக்குள், என்ன சொன்னீர்கள்? “அவள் வந்து வாசலில நிண்டு யமனைக் கூப்பிட்டவள். கரிநாக்கு.” அந்தச் சொல் மோர்டனில் இருந்து கிழக்கு லண்டனின் பார்க்கிங் ஊர் வரைக்கும் போனது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டீர்கள். கலியாண வீடுகளுக்கு அழைப்பு நின்றது. பிறகு சித்திரையில், “உடல்நலம் கருதி.” இன்றைக்கு அதே வாயால் “தாயே” என்கிறீர்கள்!

அது சாபம் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள், அவருடைய குரலைக் கேட்டவள் சொல்கிறேன். அது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. நாள் பார்த்துக் கொடுத்தவரிடமும் இருக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் உங்களில் ஒருவரிடமாவது பதில் இருக்கிறதா?

அதைக் கேட்டதற்காக அவர் மனம் நொந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் என் கடைக்கு வந்து ஒரு பக்கற் உப்பை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும், “உன்ர அப்பாவோட நான் கொஞ்சம் பகிடியை விட்டிட்டு மெல்லமாக் கதைச்சிருக்கலாம், பிள்ளை” என்றார். பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மா இருமினார். நான் உப்புக்குக் காசு வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை அவருடைய மேசைக்குப் போனேன்.

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பரமேஸ்வரன் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம்தான், ஐயா.

உங்கள் ஒவ்வொருவரின் கதிரையிலும் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கத்தில் ஜெயகௌரி அன்ரியின் படம், நீலச் சேலையோடு சிரிக்கிற படம். மற்றப் பக்கத்தில் “ஜெயகௌரி நினைவுக் காப்புத் திட்டம்.” வருகிற தைப்பொங்கலன்று, இதே மண்டபத்தில், தொடக்கம். சந்திரகுமார் அங்கிள் சற்றுமுன் கண் கலங்கச் சொன்னார், “ஜெயகௌரி அக்கா என்ர முதல் வாடிக்கையாளர், அவவின்ர பேரில இதைச் செய்யிறது என்ர கடமை” என்று. மண்டப வாடகையும் வடையும் தேத்தண்ணியும் அவர் செலவு என்றும் அறிவித்தார்கள்.

நான் அந்தத் தாளை வாசித்தேன். சுட்டெண். இரண்டு நாள். மேலே ஓர் உச்சவரம்பு, கீழே ஒரு பூச்சியம். கட்டணம் பற்றி மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி. அதேதான். இந்தத் திட்டம் சட்டத்துக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது பொருந்தவும் கூடும், அன்ரியே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து நீங்கள் இன்னொரு தரம் வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டுமா? உயிரோடு இருந்தபோது அவருடைய வாயைக் கரிநாக்கு என்று அடைத்தவர்கள், இனி அவர் வாய் திறக்க மாட்டார் என்று தெரிந்த பிறகு அவருடைய பெயரைக் கேட்கிறார்கள். கொடுக்கப் போகிறோமா?

அன்ரியின் கணவர் கிருஷ்ணராசா மாமாவிடம் நேற்றுக் கேட்டேன். “என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. பேரை எடுக்கச் சொல்லு” என்றார். மாமா, நீங்கள் சொன்னதை எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

எங்கள் தலைவி திருமதி ஜெயகௌரி கிருஷ்ணராசா அவர்களே! உங்கள் மேசையை நான் மூட மாட்டேன். மன்றம் காசு தராவிட்டாலும் மூட மாட்டேன். எனக்கு உங்கள் படிப்பு இல்லை, உங்கள் வாய் இல்லை. ஆனால் கடிதம் வாசிக்க நீங்கள் பழக்கிவிட்டிருக்கிறீர்கள். விளங்காத இடத்தில் கம்பனிக்கு ஃபோன் எடுத்து, விளங்கும்வரைக்கும் ஃபோனை வைக்காமல் இருக்கவும் பழக்கிவிட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்களே, அந்தத் தாளை இங்கே கிழித்துப் போடாதீர்கள். அதில் அவருடைய படம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு போங்கள். பொங்கலுக்கு முன்னர், மற்றப் பக்கத்தோடு நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பேருமாக இருந்து வாசிப்போம். அதற்குப் பிறகு கையெழுத்து வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம்.

மேசை சனிக்கிழமையில்தான். மார்கழியும் பிறந்துவிடும். சனியும் மார்கழியும் சேர்ந்தால் ஒன்றுக்கும் ஆகாது என்பீர்கள். தெரியும். பரவாயில்லை, வாருங்கள்.