சாட்சிக்கு வந்த சம்பந்தி

— இந்தக் காலத்துல வயசுக்கு எவன் மரியாதை குடுக்கிறான்? ரயிலுக்கு வரிசையில நிக்கிறவனைப் பேர்கூடக் கேக்காம இழுத்துட்டு வந்துட்டே.

— இழுக்கலை பெரியவரே, கூப்பிட்டேன். உக்காருங்க.

— போலீஸ்காரன் போடுற நாற்காலியில நான் உக்கார மாட்டேன். எதுக்குச் சோதனை? முதல்ல காரணத்தைச் சொல்லு.

— சொல்றேன், கொஞ்சம்...

— சட்டம் எனக்கும் தெரியும். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கணும். தனி அறை வேணும். பக்கெட்டும் துடைப்பமும் அடைச்சு வச்சிருக்கே, இது அறையா? சாட்சி இல்லாம மேல கை வைக்கக் கூடாது. எங்க அண்ணன் சட்டைக்குள்ள உங்க போலீஸ்காரங்களே கஞ்சாப் பொட்டலத்தைப் போட்டு அவங்களே எடுத்தாங்களே, அப்ப வக்கீல் சொன்னது.

— அதைத்தான் வரிசையில அத்தனை பேர் காதுலயும் விழுற மாதிரி கத்தினீங்க. இப்ப சாட்சி வந்து கதவுக்கு வெளியில நிக்கிறார்.

— யாரு?

— உங்களுக்குப் பின்னாடி நின்ன கண்ணாடிக்காரர். 'என் சம்பந்தியாகப் போறவர், நானே பார்க்குறேன்'னு பிடிவாதம் பண்றார்.

— ஐயையோ. தாழ்ப்பாளைப் போடு.

— போட்டாச்சு. மெதுவாப் பேசுங்க.

— தம்பி, அவர் மட்டும் வேணாம்ப்பா. வேணும்னா பிளாட்பாரத்துல டீ விக்கிறவன் வரட்டும்.

— ஏன்?

— என் கடைக்குட்டியை அவர் பையனுக்குப் பேசியிருக்கோம், இன்னும் முடியலை. எனக்கு ஆபரேஷன் ஆனது அவங்களுக்குத் தெரியாது. கால்ல மூத்திரப் பை கட்டியிருக்கேன். வாழ்நாள் பூரா ஊருக்குக் குழாய் மாட்டினவன், கடைசியில எனக்கே ஒண்ணு மாட்டி அனுப்பிட்டானுங்க. சீக்காளிக் குடும்பம்னு அவர் கிளம்பிட்டா, பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?

— குழாய் மாட்டினவருக்கு வாரை இறுக்கிக் கட்டத் தெரியலையே.

— என்னது?

— இடது காலைப் பாருங்க. வார் அவிழ்ந்து, குழாய் செருப்பு வரைக்கும் தொங்குது. வரிசையிலேயே பார்த்துட்டேன். அவர் பின்னாடியே பேப்பர் படிச்சுக்கிட்டு நின்னார். அவர் கண்ணோ வேற யார் கண்ணோ கீழே போறதுக்குள்ள உங்களை உள்ளே கொண்டுவரணும்னு பார்த்தேன். நீங்க பேச விட்டாத்தானே. கட்டிக்குங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— அப்போ சோதனை?

— சோதனைன்னு நீங்கதான் சொன்னீங்க.

— ...கட்டிட்டேன். வெளியில அவர்கிட்ட என்ன சொல்லுவே?

— ஆள் மாறிப்போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு அவர் எதிர்லயே உங்ககிட்ட கேக்குறேன்.

— தம்பி... உன்னைப் பெத்தவ நல்லா இருக்கணும். என் பொண்ணைக் காப்பாத்திட்டே. கட்டை வேகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.

— இருக்கட்டும். வண்டி வந்துடும், கிளம்புங்க.

— கிளம்புறேன். ஆனா சந்தேகமே இல்லாம கூப்பிடுறே, சோதிக்காம விடுறே, தப்புப் பண்ணாம மன்னிப்புக் கேக்குறேங்கிறே. இதுல என்னமோ இருக்கு. கதவைத் திற, நான் போறேன். என் சட்டைப் பக்கம் கை கொண்டு வராம நீ கொஞ்சம் தள்ளியே வா.