பாதிப் பணத்துக்கு ஒரு சிரிப்பு

— வேண்டாம்னா வேண்டாம், வெர்னாம்மா. பர்ஸை உள்ள வைங்க. தலையை நேரா வைங்க.

— அது எப்படி ட்ரீனா? முடியைச் சுருட்டிவிடுற பெர்ம்னா எண்பது டாலர். பதினோரு வருஷமா ஒரு தடவைகூட நீ ஓசியில செஞ்சதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அஞ்சு டாலர் குறைச்சே. அதையே நான் சர்ச்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

— சொன்னீங்க. எல்லாரும் வந்து அஞ்சு டாலர் குறைன்னு நின்னாங்க.

— அப்ப இன்னிக்கு மட்டும் என்ன திடீர்னு?

— நீங்க மட்டும் என்னவாம்? ஜூன் மாசத்துல டப்பா நிறைய சாக்லேட்ல முக்கின பக்கை மிட்டாய் உருண்டையோட வந்திருக்கீங்க. கிறிஸ்துமஸைத் தவிர கடலை வெண்ணெயைக் கையால தொட மாட்டேன்னு சொல்ற ஆளு.

— தோணுச்சு, செஞ்சேன். நாப்பது உருண்டை. சாக்லேட் ஒரு பக்கம் கட்டி தட்டிடுச்சு. உருக்கி வச்சுட்டு மறந்துட்டேன்.

— நீங்களா மறந்தீங்க?

— வயசு கண்ணு, வயசு. அறுபத்துநாலு. ஸ்ஸ், இழுக்காதே.

— குச்சியில சுத்தினா இழுக்கத்தான் செய்யும். இன்னும் பத்துக் குச்சி இருக்கு.

— கேளு கண்ணு. அந்தக் கண்ணாடி ஓரத்துல ஒரு மஞ்சள் காகிதம் செருகி வச்சிருக்கியே.

— ம்.

— அந்த ஹோட்டல்ல நடக்கிற வகுப்புதானே? 'மத்தவங்க வீட்டுக் கடனை பேங்க்கிட்டேருந்து நீங்க வாங்குங்க, அவங்க கட்டுற வட்டி உங்க வீடு தேடி வரும்.' அந்தப் பல்லழகன் படம் போட்டது.

— ம்.

— சேரக் கடைசி நாள் இன்னிக்கா?

— அந்தக் காகிதத்துல எப்பவுமே இன்னிக்குத்தான் கடைசி நாள்.

— போன மாசம் நீ போன்ல கேட்டே. 'வெர்னாம்மா, அதுக்குக் காசு கட்டலாமா, பிரயோஜனம் உண்டா'ன்னு. நான் என்ன சொன்னேன்?

— 'கண்ணை மூடிக்கிட்டு சேரு'ன்னீங்க.

— அடுப்புல எதையோ வச்சிருந்தேன் அப்ப. அவசரத்துல வந்த வார்த்தை.

— பத்து நிமிஷம் பேசினீங்க.

— பத்து நிமிஷமா?

— பல்லழகனைத் தங்கமான மனுஷன்னீங்க.

— கடவுளே.

— தலையைக் குனியாதீங்க.

— சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். என் பையன் டேரல் வீடு பாத்துட்டான், சொன்னேனா? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சின்ன வீடுதான், ஆனா சமையலறை முழுக்க மஞ்சள் பெயின்ட். மருமக கெய்லா உள்ள போய் நின்னவ வெளிய வரவே மாட்டேன்னுட்டாளாம். அக்டோபர்ல குழந்தை. ஆறு வருஷமா டயர் கிடங்குல ராத்திரி ஷிப்ட் பார்த்து முன்பணம் சேர்த்துட்டான் எம்பிள்ளை. இருபத்திரெண்டாயிரம் டாலர்! வர்ற திங்கக்கிழமை கையெழுத்து. ஆ! காது! காதுடீ!

— மன்னிச்சுக்கோங்க. சீப்பு வழுக்கிடுச்சு.

— உனக்குமா கவனம் எங்கயோ போகுது?

— மருந்து ஊத்தப் போறேன். இந்தத் துண்டை நெத்தியில அழுத்திப் பிடிங்க. கண்ணை மூடிக்கோங்க.

— அதுவும் நல்லதுதான். கண்ணை மூடிக்கிட்டா சொல்றது சுலபம்.

— என்ன சொல்லணும்?

— அந்த வகுப்புல சேராதே, ட்ரீனா.

— டைமர் வைக்கிறேன். இருபது நிமிஷம்.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. சொல்லுங்க.

— அவங்க காட்டுற வீடியோவுல நான் வர்றேன்ல? 'மூணு கடன் பத்திரம் வாங்கினேன், இப்ப நிம்மதியா தூங்குறேன்'னு. சத்தியமா சொல்றேன், அது அத்தனையும் பொய். வாங்கினது ஒண்ணே ஒண்ணு. நான் நல்லா தூங்கி நாலு மாசம் ஆகுது.

— அந்த ஒண்ணு என்னாச்சு?

— ஒருத்தன் தன் வீட்டு மேல ரெண்டு கடன் வாங்கியிருந்தான். என் தலையில கட்டினது ரெண்டாவது கடனோட பத்திரம். ஆறாயிரம் கொடுத்தேன். அவனால கட்ட முடியலை, வீடு ஏலத்துக்குப் போச்சு. முதல் கடன் கொடுத்த பேங்க் மொத்தத்தையும் வழிச்சு எடுத்துக்கிச்சு. ரெண்டாவது ஆளுக்கு மிச்சம் இருந்தாத்தான் கிடைக்குமாம். மிச்சம் எங்கே இருக்கு? அந்த ஏலத்துல எனக்குக் கிடைச்சது ஒரு கடுதாசி.

— வகுப்புல அதைச் சொல்லலையா?

— சொல்லியிருக்காங்களாம். அந்தத் தடி ஃபைல்ல இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம், எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல. நான் போன் போட்டு அழுதப்ப ஒரு பையன், 'அதெல்லாம் மேல் வகுப்புல விவரமா வரும் மேடம்'ங்கிறான். மேல் வகுப்பு இருபதாயிரம்.

— மூணு நாளும் என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு?

— முதல் நாள், கடன் பத்திரம்னா என்னன்னு. ரெண்டாம் நாள், பல்லழகன் எப்படிப் பணக்காரன் ஆனான்னு. மூணாம் நாள், மேல் வகுப்புல என்னல்லாம் சொல்லிக்கொடுப்பாங்கன்னு. காபிகூட ஆறிப்போனது. முதல் நாள் சொன்னாங்களே, அது அத்தனையும் நம்ம ஊர் நூலகத்துல ஒரே புத்தகத்துல இருக்கு கண்ணு. அப்புறமாத்தான் எடுத்துப் பார்த்தேன். அதுல அந்த ரெண்டாவது கடன் சமாச்சாரம் மூணாவது பக்கத்துலயே வருது. கொட்டை எழுத்துல.

— பின்ன ஏன் போன்ல என்கிட்ட அப்படிச் சொன்னீங்க?

— வெக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூட கேன்டீன்ல இருந்தேன். ஒரு பால் பாக்கெட் குறைஞ்சாலும் யார் எடுத்தான்னு கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்டவ ஒரு பல்லைப் பார்த்து ஏமாந்துட்டான்னு சொல்ல வாய் வரலை. என் புருஷன் ராய் செத்தப்ப வந்த இன்ஷூரன்ஸ் காசு அது. அவன் இருந்திருந்தா அந்த ஹோட்டல் வாசல்லயே என்னைத் திருப்பி வண்டியில ஏத்தியிருப்பான்.

— வாய் வரலைன்னா பேசாம இருந்திருக்கலாம். வீடியோவுல சிரிச்சீங்களே.

— பாதிப் பணம் திரும்ப வரும் கண்ணு. எட்டாயிரம் கட்டினேன். தொண்ணூறு நாளுக்குள்ள வீடியோ கொடுத்தா நாலாயிரம் திரும்ப. அதுக்கு 'வெற்றிப் பரிசு'ன்னு பேரு. கூரை ஒழுகிக்கிட்டிருந்துச்சு அப்ப. கூடத்துல மூணு வாளி வச்சிருந்தேன்.

— எப்படி எடுத்தாங்க?

— ஒரு பொண்ணு போன்ல சொல்லித்தந்தா. முதல்ல பேர் சொல்லணும், அப்புறம் ஊர். அப்புறம் ரெண்டு எண்ணி சிரிக்கணும். 'லாபம்'னு சொல்லக் கூடாது, 'நிம்மதி'ன்னுதான் சொல்லணும். அஞ்சு தடவை எடுத்தோம். அஞ்சாவது தடவை எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு.

— ம்.

— எத்தனை பேரை இழுத்துவிட்டேனோ. உன்னையாவது நிறுத்தணும்னுதான் வந்தேன். ஒவ்வொரு உருண்டையா உருட்டும்போதும், 'போய்ச் சொல்லு வெர்னா, போய்ச் சொல்லு வெர்னா'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாப்பது தடவை.

— வெர்னாம்மா, நான் கட்டிட்டேன்.

— என்னது?

— மூணு வாரம் ஆச்சு. உங்ககிட்ட பேசின மறுநாள். சும்மா பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன். ஹால்ல விளக்கை அணைச்சாங்க. திரையில நீங்க. சுவர் உசரத்துக்கு. நான் சுருட்டிவிட்ட முடியோட. பக்கத்துல இருந்த ஆள்கிட்ட, 'அந்த அம்மாவை எனக்குத் தெரியும். தன் வயசைக்கூடக் குறைச்சுச் சொல்லத் தெரியாது அவங்களுக்கு'ன்னேன். அந்த ஆளும் கட்டினாரு.

— இந்தத் துண்டு நழுவுது. கண்ணுல மருந்து போயிடுச்சு.

— போகலை. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— சரி. போகலை.

— இந்தாங்க, காகிதம். துடைச்சுக்கோங்க.

— எட்டாயிரமுமா?

— எட்டாயிரமும். ரெண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டு, ஒரு பொண்ணை வேலைக்கு வைக்கலாம்னு சேர்த்தது. அந்த ஜன்னலோரம் காலியா கிடக்கு பாருங்க, அந்த இடம்.

— ரத்து பண்ணியிருக்கலாமே! மூணு நாளுக்குள்ளன்னா தரணும்னு சட்டமே இருக்காமே.

— ஹோட்டல்ல கட்டினா மூணு நாள். வகுப்பே மூணு நாள். எனக்கு நாலாவது நாள்தான் புத்தி வந்துச்சு.

— திட்டு என்னை. நல்லா நாலு வார்த்தை கேளு.

— முடியலை.

— ஏன் முடியலை? ஓடக்கூட முடியாம தலை நிறையக் குச்சியோட உட்கார்ந்திருக்கேன். இதைவிட வசதியா எப்ப கிடைப்பேன்?

— முடியலைன்னு சொல்றேன்ல, விடுங்க.

— அப்ப நான் சொல்றதைக் கேளு. அந்த நாலாயிரம் போனா போகட்டும். நீ மட்டும் வீடியோ கொடுத்துடாதே. அந்தக் காசுலதான் கூரை போட்டேன். இப்ப ஒரு சொட்டு உள்ள வர்றதில்லை. ஆனா மழை பெய்யும்போதெல்லாம் படுக்கையில எழுந்து உட்கார்ந்துக்கிறேன். இந்தத் தகரம் யாரு காசு, அந்த ஆணி யாரு காசுன்னு. உனக்கு அது வேண்டாம். இது நம்மளோட நிக்கட்டும்.

— வெர்னாம்மா...

— இரு, முடிச்சுடறேன். டேரலைக் கூப்பிட்டு புதுசா ஒரு வீடியோ எடுக்கச் சொல்லப் போறேன். நடந்ததை நடந்தபடி சொல்லப் போறேன். ஊரே பார்த்துச் சிரிக்கட்டும். இந்த நாற்காலியில உட்கார்ந்து சத்தியம் பண்றேன், இனிமே ஒரு ஆளுகூட இந்தப் பொய்யால...

— சத்தியம் பண்ணாதீங்க.

— ஏன்? ஆமா, புத்தி வந்துச்சுன்றியே, பின்ன அந்த மஞ்சள் காகிதம் ஏன் இன்னும் கண்ணாடியில இருக்கு?

— அவங்க வைக்கச் சொன்னாங்க.

— அவங்க சொன்னா?

— நான் கொடுத்துட்டேன்.

— எதை?

— வீடியோவை. திங்கக்கிழமை. கடையை மூடிட்டு, இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு. 'நான் ட்ரீனா, சில்லிகோத்தி.' உதட்டுச் சாயம்கூடப் போட்டுக்கிட்டேன். மறுநாளே இன்டர்நெட்ல நம்ம ஊர்ப் பக்கத்துல போட்டுட்டாங்க.

— ஓ. அதான் இன்னிக்குக் காசு வேண்டாம்னியா?

— அதுக்காக இல்லை.

— பின்ன எதுக்காக?

— டைமர் அடிக்க இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. மருந்தைக் கழுவாம எழுந்து ஓடினா முடி கையோட வந்துடும். எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லுங்க.

— எழுந்திரிக்கலை. சொல்லு.

— டேரல் நேத்து முடி வெட்டிக்க வந்தான்.

— ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்தானா?

— ஆமா. வீடியோவைப் பார்த்துட்டானாம். 'அம்மா சொன்னப்ப நான் நம்பலை ட்ரீனா, அவங்க யாரு சிரிச்சாலும் நம்பிடுவாங்க. நீ அப்படி இல்லை. நீயே சொல்றேன்னா சரியாத்தான் இருக்கும்'னான்.

— நீ என்ன சொன்னே?

— வாயைத் திறந்தேன், வெர்னாம்மா. சத்தியமா திறந்தேன். பின்னாடி ரெண்டு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. என் நாலாயிரம் நாளைக்குத்தான் வரும். 'நிம்மதியா இருக்கு'ன்னேன்.

— பின்ன?

— இதே நாற்காலியில உட்கார்ந்து போன்லயே கட்டினான். மேல் வகுப்பு.

— இருபதாயிரம்.

— விலை ஏத்திட்டாங்க. இருபத்திரெண்டு.

— போன்ல கட்டினா மூணு நாள்...

— கிடையாது. ஹோட்டல்ல கட்டினவங்களுக்கு மட்டும்தானாம். அவன் போனதுமே கூப்பிட்டுக் கேட்டேன். நாலு தடவை கேட்டேன்.

— கெய்லாவுக்குத் தெரியுமா?

— இன்னும் இல்லை. ஆறு மாசத்துல ரெண்டு மடங்காக்கிட்டுச் சொல்லணுமாம். இன்னும் பெரிய சமையலறையா பார்க்கலாம்னு சிரிச்சான்.

— முன்பணம் அத்தனையும். திங்கக்கிழமை கையெழுத்து.

— வெர்னாம்மா, திட்டுங்க. அந்த உருண்டை டப்பாவைத் தூக்கி என் மேல எறிங்க.

— மேல் வகுப்புக்கும் வீடியோ கொடுத்தா பாதி திரும்ப வருமா?

— வரும். பதினோராயிரம். ஆனா நீங்க இப்பத்தானே சொன்னீங்க, இனிமே ஒரு ஆளுகூட...

— டைமர் அடிச்சுடுச்சு, சட்டுனு கழுவிவிடு. அவனுக்குச் சின்னதுலேருந்தே கூச்சம், போட்டோன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவான். நான் போய் பக்கத்துல நின்னு சொல்லித்தரணும். முதல்ல பேர், அப்புறம் ஊர், அப்புறம் ரெண்டு எண்ணி சிரிக்கணும்.