யார் முதலில் பேசுவது

பால் அடிப்பிடிச்சுப் போறதெல்லாம் எந்த வீட்டுலயும் நடக்கிறதுதான் சார். என் வீட்டுக்காரர் பாலை அடுப்புல வச்சுட்டு, போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிட்டார். வீடு முழுக்கப் புகை. நான் கத்தினேன். "சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்குறதே உனக்குப் பொழப்பு"ன்னார். அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

கல்யாணமான நாள்லேர்ந்து, எந்தச் சண்டையா இருந்தாலும் "என்னங்க"ன்னு முதல்ல இறங்கி வர்றது நான்தான். இந்தத் தடவை அது நடக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கும் ரோஷம் இருக்காதா?

அந்த வாரமே ரெண்டு பேருக்கும் ஒரே விமானத்துல டியூட்டி. அவர் கேப்டன், நான் பணிப்பெண்களுக்குத் தலைமை. கிளம்புறதுக்கு முன்னாடி பேச வேண்டியதையெல்லாம் துணை விமானியைப் பார்த்தே பேசி முடிச்சோம். பாவம், அவருக்குத்தான் கழுத்து சுளுக்கியிருக்கும். பின்கதவுக்குப் பொறுப்பா இருந்த பொண்ணை நாங்க வாலுன்னு கூப்பிடுவோம். "அக்கா, உங்க ஆளு காபி கேக்குறார். கோவத்தையும் சேர்த்துக் கலக்கவா?"ன்னு சிரிச்சா. வாய் கொஞ்சம் நீளம், ஆனா தங்கமான பொண்ணு.

ஓடுபாதையில வேகம் எடுக்கும்போது இடது இன்ஜின் வெடிச்சுது. விமானத்தை அழகா நிறுத்தினார், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். "எல்லாரும் இருக்கையிலேயே இருங்க"ன்னு மைக்கில சொன்னார். அது பயணிகளுக்குச் சொன்னது சார், எனக்கு இல்ல.

இங்க ஒண்ணு உங்களுக்குப் புரியணும். விமானி அறையிலேர்ந்து பார்த்தா இன்ஜின் தெரியாது. இன்ஜின்ல பிடிச்ச நெருப்பை அணைக்கிற மருந்தை அடிச்சதும் அவருக்கு எச்சரிக்கை விளக்கு அணைஞ்சிருச்சு. வெளியே நெருப்பு அணையல. ஜன்னல் வழியாப் பார்த்து அதை நாங்க சொன்னாதான், வலது இன்ஜினையும் நிறுத்திட்டு, எல்லாரையும் இறக்கச் சொல்லி உத்தரவு கொடுப்பார். வலது இன்ஜின் ஓடும்போது அந்தப் பக்கம் கதவைத் திறந்தா ஆளைத் தூக்கி அடிச்சுடும்.

வாலு இன்டர்காம்ல கூப்பிட்டா. "அக்கா, இறக்கை வரைக்கும் எரியுது. கேப்டன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவரே கேப்பார், இரு."

"நானே அவருக்குப் போடட்டுமாக்கா?"

"நீ போடக்கூடாது. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

அவ போட்டிருந்தா, நான் தூது விட்டதா ஆகியிருக்கும். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். ரிசீவர் என் கையிலதான் இருந்துது. ஒரு பட்டனை அழுத்தணும், அவ்வளவுதான். நான் எதையும் பெருசாக்குறேன்னு அவர்தானே சொன்னார்? சரி, ஒரு தடவை பெருசாக்காமதான் இருந்து பார்ப்போமேன்னு இருந்தேன்.

பின்னாடி ஜன்னல் உருகிப் புகை உள்ள வந்துச்சு. வாலு மறுபடி கூப்பிட்டா, இருமல்தான் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அவர் கூப்பிட்டார். "என்னம்மா, பின்னாடி என்ன சத்தம்?" குரல்ல கோவமே இல்ல. எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். அடுத்த மூச்சுல உத்தரவு வந்துச்சு. நானே கதவைத் திறந்து, ஒவ்வொருத்தரா சறுக்குல அனுப்பினேன். முன்னாடி இருந்தவங்களுக்கு ஒரு கீறல் இல்ல.

கடைசி வரிசைகள்ல இருந்தவங்க யாரும் வரல. வாலுவும் வரல. நான் பட்டனை அழுத்தியிருந்தா வந்திருப்பாங்க, அதை மறுக்கல, எழுதிக்குங்க.

அவர் இப்போ மறுபடியும் என்கிட்ட பேசுறதில்ல. பரவால்ல. விமானத்தோட கறுப்புப் பெட்டியில எல்லாம் பதிவாகியிருக்குமில்ல, போட்டுக் கேளுங்க சார். முதல்ல பேசினது அவர்தான்.