வியாழக்கிழமைக் கேசரோல்

இல்ல காரின், நீ எந்திரிக்காத. கையெல்லாம் ஈரம், அதான் உன்னைக் கட்டிப் பிடிக்கல, தப்பா எடுத்துக்காத. அந்தப் பூனையைத் தள்ளி விட்டுட்டு நல்லா உக்காரு கண்ணு. நாளைக்கி உங்கம்மா அடக்கம் முடிஞ்சதும் சர்ச்சுக்குக் கீழ இருக்கிற ஹால்ல எல்லாருக்கும் சாப்பாடு போடணும்ல, தொண்ணூறு பேரு வருவாங்கன்னு பாஸ்டர் சொல்றாரு. என் பங்கு மூணு பாத்திரம். பீன்ஸ் கேசரோல்தான், எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கலந்து அவன்ல வச்சு எடுக்குறது, வேற என்னத்தச் செய்யப் போறேன்? இந்த ஊர்ல ஆர்டிஸ்னு என் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் பீன்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

உதவியெல்லாம் வேணாம். நீயே அரிசோனாவுலேருந்து அலுத்துக் களைச்சு வந்திருக்க. காபி குடி.

டப்பா பீன்ஸை நான் தொடவே மாட்டேன், தெரியுமா? கொழகொழன்னு போயிடும். ஃப்ரீசர் பீன்ஸை வாங்கி, கொதிக்கிற தண்ணியில ஒரு நாலு நிமிஷம் போட்டு, உடனே பச்சத்தண்ணியில கொட்டிடணும். கடிச்சா சத்தம் வரணும். உங்கம்மா டப்பா கட்சி. நாப்பது வருஷமா எங்களுக்குள்ள இதே சண்டைதான். ஏன்டி, பல்லு இல்லாதவங்களும் சர்ச்சுக்கு வர்றாங்கல்லன்னு கேப்பா. சிரி, சிரி. அவ வாய் அப்படித்தான்.

இது சாசேஜ். கறிக்கடையில புகை போட்டுத் தொங்க விட்டிருப்பான்ல, அது. பாதி நிலா மாதிரி வெட்டிட்டு முதல்ல தனியா வறுக்கணும். சும்மா காட்டி எடுக்கக் கூடாது, ஓரமெல்லாம் நல்லா செவக்கணும். இதுல எறங்குற கொழுப்புலயே வெங்காயம், காளான் வதக்கிட்டா தனியா வெண்ணெய் வேணாம். நம்ம சர்ச் டோரிஸ் இருக்காளே, அவ சாசேஜே போட மாட்டா. அவ கேசரோலைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயி மறுபடி சாப்பிடணும்.

நானும் மொதல்ல போட்டதில்ல. உங்கப்பா போனப்பதான் ஆரம்பிச்சேன். வெறும் பீன்ஸ்னா அது தொட்டுக்கிற பண்டம். சாசேஜ் போட்டா முழுச் சாப்பாடு. ஒத்தையா இருக்கிறவ, ஒரு பாத்திரத்தை வச்சுக்கிட்டு நாலு நாளு ஓட்டலாமே. அப்ப சர்ச் பெண்கள் சங்கத்துல உங்கம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போக முறை போட்டோம், திங்கள் டோரிஸ், புதன் பாஸ்டர் வீட்டம்மா, வியாழன் நான். ஆறு வாரத்துக்குத்தான் அந்த முறை. மத்தவங்க நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல. ஒன்றரை வருஷம்.

ஐயோ, அதெல்லாம் சொல்லாத. நன்றியெல்லாம் எதுக்கு?

நாளைக்கா? சர்ச்ல நின்னு பேசணுமா? நானா? அட போம்மா. மைக்கைப் பாத்தாலே எனக்குப் பேச்சு மறந்துடும். என் பொண்ணு கல்யாணத்துலயே வாயைத் தொறக்கல, எங்க வீட்டுக்காரரு லாயிட்தான் எனக்கும் சேத்துப் பேசுனாரு. டோரிஸைக் கேளு. அவளை நிறுத்துறதுதான் கஷ்டம்.

இல்ல, பிடிவாதம் பிடிக்கல. இரு, சூப்பை ஊத்திக்கிறேன். காளான் சூப்பு டப்பா ரெண்டு, பால் அரை டம்ளர். உப்புப் போடக் கூடாது, சாசேஜ்லயே இருக்கு. மிளகுத்தூள் மட்டும் தாராளமா.

என்ன சொன்ன? எந்த வியாழக்கிழமை?

உங்கம்மா சொன்னாளா? ஃபோன்லயா? ஒவ்வொரு வியாழனுமா?

என்னன்னு சொல்லுவா... இல்ல, கேக்குறேன், நீயே சொல்லு. நான் வருவேன், ம். ரெண்டு தட்டு எடுத்து வைப்பாளா. சேந்து சாப்பிடுவோம். நாலு மணி வரைக்கும் இருப்பேனா? அப்புறம்? சீட்டாட்டமா? நானா ஜெயிச்சேன்? லாயிட்டோட மூட்டுவலியைப் பத்திக்கூட நான் சொன்னேன்னு சொல்லியிருக்காளா... அது சர்ச்ல கேட்டிருப்பா. காபியில பால் விட மாட்டேன்னும் சொன்னாளா. அது சரிதான். பால் விட மாட்டேன்.

அதனாலதான் நீ அவளை அரிசோனாவுக்குக் கூப்பிடலையா.

இரு, அடி பிடிக்குது. இந்த அடுப்பு ஒரு பக்கமாத்தான் எரியும், லாயிட்கிட்ட நூறு தடவ சொல்லிட்டேன்.

காரின், நீ அழாத. அழுதா என்னால இதச் சொல்ல முடியாது. பதினஞ்சு நிமிஷமா நான் பீன்ஸையும் சாசேஜையும் பத்திப் பேசிக்கிட்டே இருக்கேன், ஏன்னு உனக்குப் புரியுதா? நீ கதவைத் தட்டுனதுமே தெரிஞ்சிடுச்சு, நீ நன்றி சொல்லத்தான் வந்திருக்கன்னு. அதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.

உங்கம்மா வீட்டுக்குள்ள நான் போனது மூணே மூணு தடவ.

ஒன்றரை வருஷத்துல மூணு தடவ, ஆமா. அதுவும் மொதல் மாசம். உங்கம்மா உங்கப்பா கடைசி நாளைப் பத்திச் சொல்லுவா. டிராக்டர் சாவியைத் தேடுனது, முட்டையைப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சது, எல்லாம். மொதல் தடவ நானும் அழுதேன். ரெண்டாவது தடவ அதே சாவி, அதே முட்டை. மூணாவது தடவ மணி பாத்துக்கிட்டே இருந்தேன். கெளம்புறேன்னு எந்திரிச்சா வாசல் வரைக்கும் வந்து ஒரு மணி நேரம், கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம். நம்ம ஊர்ல போயிட்டு வர்றேன்னு சொல்றதே ஒரு வேலைதானே, நீ மறந்திருக்க மாட்ட.

இல்ல, உடம்பு முடியாமெல்லாம் இல்ல. லாயிட்டுக்கு ஒத்தாசை வேணும்னும் இல்ல. நீ எனக்காகக் காரணம் தேடாதம்மா. எனக்கு அலுப்பா இருந்திச்சு. அவ்வளவுதான். வேற ஏதாவது இருந்தாச் சொல்ல மாட்டேனா?

அப்புறம் அவ வராந்தாவுல ஒரு ஐஸ் பெட்டி வச்சேன், உள்ள வச்சது சூடும் ஆறாது. உனக்குத் தொந்தரவு வேணாம் எல்வீரா, நீ தூங்கிக்கிட்டு இருந்தாலும் இருப்ப, இதுல வச்சிட்டுப் போறேன்னு ஃபோன்ல சொன்னேன். எவ்வளவு நல்ல மனசு பாத்தியா எனக்கு? வியாழன் பன்னெண்டு மணிக்கு அவ ரேடியோவுல செய்தி கேப்பா, சத்தமா வச்சிருப்பா. கரெக்டா அந்த நேரத்துக்குப் போவேன். பூட்ஸ் சத்தம் கேக்காம படியேறி, சூடான பாத்திரத்தை வச்சிட்டு, போன வாரத்துப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்திடுவேன். கழுவித் தொடச்சு வச்சிருப்பா. அடியில நான் ஒட்டுன டேப்பு, என் பேரு, அப்படியே இருக்கும். வெறும் பாத்திரமா ஒரு நாளும் திருப்பித் தந்ததில்ல. பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில் இருக்கும், இல்லேன்னா ஓட்ஸ் பிஸ்கட்டு. கூடவே ஒரு துண்டுச்சீட்டு. ஆர்டிஸ், காபி போட்டு வச்சிருக்கேன், உள்ள வாடி.

வாராவாரம் எழுதியிருக்கா. ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும். அப்புறம் எழுதுறதை விட்டுட்டா.

வச்சிருக்கேனா? இல்லம்மா. குப்பையில போட்டேன். லாயிட் கண்ணுல படக் கூடாதுன்னு.

சர்ச்ல எல்லாரும் ஆர்டிஸ் மாதிரி ஒருத்தி உண்டான்னு கேப்பாங்க. மத்தவங்க நிறுத்துனாலும் அவ நிறுத்தலையேன்னு பாஸ்டர் எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்திச்சு. பொய் சொல்ல மாட்டேன், நெஜமாவே நான் நல்லவதான்னு நெனச்சுக்கிட்டேன். பீன்ஸை டப்பாவுல வாங்காம மெனக்கெட்டுச் செய்யுறேன்ல, சாசேஜ் போடுறேன்ல, பனியில அஞ்சு மைல் கார் ஓட்டுறேன்ல, இதுக்கு மேல ஒருத்தி என்ன செய்வான்னு நெனச்சேன். உள்ள போறதுதான் முக்கியம்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரியும்.

இப்ப நீ சொல்ற, ஆர்டிஸ் கூட இருக்காங்கன்னுதான் நிம்மதியா விட்டுட்டேன்னு. அவ உனக்கு அப்படிச் சொன்னது உன் நிம்மதிக்கா, இல்ல என் மானத்துக்கான்னு எனக்குத் தெரியல. உன்கிட்ட ஒரு தடவயாவது என்னைப் பத்திக் குறை சொன்னாளா? ஆர்டிஸ் வாசலோட ஓடிடுறான்னு?

சொல்லலைல்ல.

அதான் நாளைக்கி என்னால நிக்க முடியாதுங்குறேன். நீ என்னை என்ன வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். இந்தப் பாத்திரத்தைத் தூக்கி வெளியில கொட்டுன்னாலும் கொட்டிடுறேன். ஆனா தொண்ணூறு பேரு முன்னாடி அவகூடச் சீட்டாடுனேன்னு சொல்ல மாட்டேன். ஆனது ஆகட்டும், உண்மையைச் சொல்லுன்னா அதையும் நாளைக்கிச் சொல்றேன். நீதான் சொல்லணும்.

ஒண்ணு பாக்கியிருக்கு. அதையும் கேட்டுட்டுச் சொல்லு.

பிப்ரவரியில ஒரு வியாழன். கடைசித் தடவ அதான், அடுத்த வாரம் பனிப்புயல், அதுக்கடுத்த வாரம் எனக்குச் சளி, அப்புறம் அவளே போயிட்டா. அன்னைக்கி பாத்திரத்தை வச்சிட்டு வந்து கார்ல உக்காந்தேன், சாவியைத் திருப்புறதுக்குள்ள கதவு தொறந்திச்சு. ரேடியோ வைக்கல போல. என் சத்தம் காதுல பட்டிருக்கு. எனக்கு என்ன தோணுச்சோ, அப்படியே பக்கத்து சீட்டுல சாஞ்சு படுத்துட்டேன். எழுபத்து மூணு வயசுல, கோட்டும் தொப்பியுமா, சின்னப் பிள்ள மாதிரி.

கார் ஜன்னலோரமா அவ தெரிஞ்சா. ஸ்வெட்டர்கூடப் போடல. வீட்டுச் செருப்போட பனியில நின்னு, பாத்திரத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, என் காரையே பாத்தா. அவளுக்குத் தெரியாத காரா அது? என் தொப்பி மேல பூ வேற இருக்கும், செவப்பா. அது தெரிஞ்சிருக்கும். நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும், காரின். கூப்பிடல. கையையும் ஆட்டல. கொஞ்ச நேரம் நின்னா, அப்புறம் உள்ள போயி, கதவை மெதுவா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு சாத்துன மாதிரி மெதுவாச் சாத்துனா.

வீட்டுக்கு வந்தேன். எல்வீரா எப்படி இருக்கான்னு லாயிட் கேட்டாரு. நல்லா இருக்கா, ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்னு சொன்னேன்.