மத்தாலின் உள்ளேதான் இருக்கிறாள்

மே மாதம். மாலை ஏழரை மணி. ஆலங்கட்டி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. குகைக்குப் போகும் அந்த ஒற்றையடிப் பாதை உங்களுக்குத் தெரியும்... பீச் மரங்களுக்கு நடுவே, பகலிலேயே இருண்டு கிடக்குமே, அதேதான். அதில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மத்தாலின், கையில் கயிறும் டார்ச்சும். பின்னால் அவள் கணவனின் தம்பி எரமுன், சட்டைப்பையில் சாவி.

எரமுன் நம் நெகானேயின் மாமா. அவள் இதோ இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் எங்காவது கூட்டிச் சொன்னால் அவளே கேட்கட்டும். கதவைச் சாத்துங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அன்று காலையில்தான் மலைக்குக் குதிரை ஏற்றினார்கள். பொது மேய்ச்சலில் வீட்டுக்கு இரண்டு குதிரைதான் விடலாம். மத்தாலினிடம் மூன்று. மூன்றாவது பெல்ட்சா, கறுப்புப் பெட்டைக் குதிரை. பிறந்த அன்றே தாயை இழந்த குட்டி. புட்டிப்பால் கொடுத்து, அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமையலறை அடுப்போரம் படுக்கவைத்து வளர்த்தாள். இப்போது நிறைசினை.

மேய்ச்சல் காவலர் ப்ரூடென் வந்தார். "அந்தக் கறுப்பு யாருது?"

"யாருக்குத் தெரியும்? என்னோடது இல்ல."

அதைச் சொல்லும்போதே பெல்ட்சா அவள் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "இல்லவே இல்ல" என்று அதன் முகத்தைத் தள்ளிவிட்டாள்.

மத்தியானம் பெல்ட்சாவைக் காணோம்.

இருப்பதை இல்லை என்று ஒருவர் சொன்னால், அது நம் மலைத்தேவி மாரிக்குப் போய்விடும். குகைக்குள் இருக்கும் மாரிக்கு ஆடும் மாடும் அப்படித்தான் சேர்கின்றன என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மத்தாலினுக்கும் தெரியும். ஆனால் காவலரிடம் பொய் சொல்லும் நேரத்தில் மாரியை யார் நினைக்கிறார்கள்?

அத்தனை மழைக்குப் பிறகும் சேற்றில் குளம்படிகள் தெளிவாக இருந்தன. குகைவாசல்வரை. அங்கே, ஆதிமனிதர்கள் சுவரில் கீறிவைத்த மிருக உருவங்களைக் காக்கப் போட்ட இரும்புக் கம்பிக் கதவு. பூட்டியபடியே இருந்தது. குளம்படிகள் கதவுக்கு இந்தப் பக்கமும் இருந்தன... அந்தப் பக்கமும் இருந்தன.

பல்கலைக்கழக ஆட்கள் வந்தால் திறந்துவிடுவது எரமுனின் வேலை. வேறு யாரையும் உள்ளே விட்டால் அந்த வேலை போய்விடும். சாவியை அவன் வெளியே எடுக்கவில்லை.

"அண்ணி, விட்டுடுங்க. உங்க வாயாலதான குடுத்தீங்க."

"நான் பொய் சொன்னது ப்ரூடென்கிட்ட. ஒட்டுக்கேட்டவளுக்கெல்லாம் என் குதிரையத் தூக்கிக் குடுக்க முடியாது. தொற."

"உள்ள எங்கயும் உக்காரக் கூடாது. வரும்போது அவளுக்கு முதுகு காட்டக் கூடாது. பின்பக்கமாவே நடந்து வரணும்."

"உங்க அம்மா முன்னாடி இத்தன வருஷமா அப்படித்தான்டா நடந்தேன்."

அவன் திறந்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

எரமுன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். டார்ச் வெளிச்சம் பாறை வளைவில் மஞ்சளாகச் சுருங்கியது... மறைந்தது. சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். பிறகு, வெகு ஆழத்திலிருந்து அவள் குரல்.

"பெல்ட்சா என்னுது! கேக்குதா? காலைல சொன்னது பொய். இதுதான் நிஜம். அனுப்பு!"

நீர் சொட்டுவதுகூட நின்றுவிட்டது.

அப்புறம்... கிர்ர்ர். கல்லால் கல்லைக் கீறும் சத்தம். மெதுவாக, ஒரே இழுப்பில். அதன்பின் ஒரு வாசனை வந்தது. நனைந்த குதிரைமயிர், காய்ந்த புல், சூடான பால்.

டக்... டக்... டக்...

குளம்புகள். கூடவே பூட்ஸ் தேயும் சத்தம், குதிகால் தேடித் தேடி வைக்கும் பின்நடை. "வா என் தங்கம். வா, வா." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சிரித்தாள் என்றுதான் எரமுன் சொல்கிறான்.

அந்த நேரத்தில் அவன் முதுகில் வெளிச்சம் விழுந்தது. பாதையில் ப்ரூடென், கையில் விளக்கு.

"எரமுன்! கதவு ஏன் தொறந்திருக்கு? உள்ள யாரு?"

"யாரும் இல்ல."

"யாருமே இல்லையா?"

"இல்லன்னு சொல்றேன்ல. நான் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

உள்ளே பூட்ஸ் சத்தம் நின்றது. தேய்ந்து மறையவில்லை... பாதி அடியில் நின்றது. குளம்புகள் மட்டும் வந்தன. பெல்ட்சா வெளியே வந்தது, கழுத்துக் கயிறு தரையில் இழுபட. கயிற்றின் நுனியை எடுத்துப் பார்த்தான். அவள் கை பிடித்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"மத்தாலின் உள்ள இருக்காங்க! என் அண்ணி! நான் பொய் சொன்னேன்!"

"இப்பத்தானடா யாரும் இல்லன்ன?"

இருவரும் ஓடினார்கள். குகையின் கடைசிவரை. டார்ச் தரையில் எரிந்துகொண்டு கிடந்தது. சுவரில் எப்போதும் இருக்கும் காட்டெருமைகள், பாதமில்லாத குதிரைகள். அவற்றின் நடுவே ஒரு புதுக் கீறல். பெண். மிருகங்களெல்லாம் ஓடுகின்றன, அவள் ஓடவில்லை. குகையின் ஆழத்தைப் பார்த்து, தாடையைத் தூக்கி, ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள். கீழே தரையில் வெள்ளைக் கல்தூள்.

யாரோ ஆணியால் கிறுக்கியிருக்கிறார்கள் என்று பல்கலைக்கழக ஆட்கள் கத்தினார்கள். எரமுனின் வேலை போயிற்று. பூட்டை மாற்றினார்கள். அவன் பூட்டுக்கு வெளியே நின்று தினமும் காலையில் கத்தினான். "மத்தாலின் உள்ளதான் இருக்காங்க! எங்க வீட்டு மனுஷி! அனுப்பு!"

பெல்ட்சா குட்டி போட்டது. முதல் நாளே அதையும் கூட்டிக்கொண்டு போய், "இதுவும் எங்க அண்ணியோடதுதான்" என்று குகையைப் பார்த்துச் சொன்னான்.

ஊரில் அவளுக்கு இரங்கல் பூசை வைக்கலாம் என்றார் பாதிரியார். "உயிரோட இருக்கறவங்களுக்கா?" என்று கேட்டான். மதுக்கடையில் எவனோ "பாவம், மத்தாலின் இப்ப இல்ல" என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் அவன் பல் மேசைமேல் கிடந்தது. அந்த ஒரு சொல்லை இந்த ஊரில் யாரையும் சொல்லவிடவில்லை எரமுன்.

அடுத்த ஆண்டு குகைக்குள் போய் வந்தவர்கள், பெண் உருவம் காட்டெருமை வளைவுக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு இருந்த இடத்தில் வழவழப்பான வெறும் பாறை. அதற்கடுத்த ஆண்டு, குறுகிய சந்தில். முகம் அப்போதும் உள்பக்கம்தான், முதுகு வாசலைப் பார்த்து. கை அப்போதும் இடுப்பில்தான். எரமுனுக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. ஆனாலும் கத்துகிறான்.

போன வாரம் அவள் கம்பிக் கதவுக்கு ஒரு முழம் உள்ளே இருந்தாள்.

இன்று காலை நெகானே அவனோடு போயிருந்தாள். கதவுக்கு உள்ளே சுவரில் ஒன்றும் இல்லை. வெளியே, மழை படும் பாறையில், ஒரு குதிகால் மட்டும் கீறியிருந்தது.

தொட்டாளாம். கல் சூடாக இருந்ததாம்... அழுத்தினால் அமுங்கியதாம்.