பாதி விலைக்கு ஒரு கப்பல் அறை

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுழல் நாற்காலியை வருஷக் கடைசி வரை பொறுத்திருந்து வாங்கியிருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும், சார். அரசாங்கப் பணம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். யார் பணமாக இருந்தாலும், முழு விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பிறவிக் கோளாறு. அப்பாவுக்குத் துணி வியாபாரம், சித்தப்பாவுக்குப் பாத்திரம், தாய்மாமாவுக்குப் பழைய இரும்பு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'குறைச்சுக்கோங்க' என்று சொல்லிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

நான் டிராவல்ஸ் நடத்துகிறேன். கடைக்கு ஒரு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. 'தள்ளுபடி' என்றால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். வருஷக் கடைசியில் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும்போது, விமானக்காரனும் கப்பல்காரனும் தங்கள் பங்குக்கு ஆஃபர் போடுவார்கள். காலையில் ஒரு விலை, குளித்துவிட்டு வந்து பார்த்தால் வேறு விலை. எப்போது பாய்வது, எப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று தெரிந்தவனுக்குத்தான் அதில் லாபம். எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை தவிர எப்போதும் தெரிந்தது.

என் கடைக்கு மேல் மாடியில் தையல்காரர். நல்ல மனிதர். நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று நாங்கள் இருவருமே விசாரித்ததில்லை. சீசன் தொடங்கிய அன்றே அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு கப்பல் அறை பிடித்துக் கொடுத்தேன். ஒரு வாரப் பயணம், சாப்பாடு உள்பட, சரிபாதி விலை. அந்த அம்மாள் கடையில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தட்டு யாருண்ணே கழுவுவா?"

"அதெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்கம்மா."

"ஒரு வாரத்துக்குமா?"

"ஒரு வாரத்துக்கும்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப சரி. கடல் இல்லாட்டியும் பரவால்ல" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதே கப்பலில் என் சம்பந்திக்கும் ஓர் அறை எடுக்க வேண்டியிருந்தது. என் ஒரே மகளை அந்த வீட்டில்தான் கொடுத்திருக்கிறேன். கல்யாணப் பந்தியிலேயே அவர் கேட்டார்: "ஊருக்கெல்லாம் பாதி விலைக்கு டிக்கெட் போடுறீங்களாமே, எங்களுக்கு மட்டும் முழு விலையா?" நாலு பேர் முன்னால் நான் சொல்லிவிட்டேன்: "இந்த வருஷக் கடைசிக்கு உங்க ரெண்டு பேரையும் பாதிக்கும் கீழ அனுப்பி வைக்கிறேன், சம்பந்தி."

பாதிக்கும் கீழே. அந்த வார்த்தைதான் எனக்கு எமன். தையல்காரருக்குப் பாதியில் எடுத்த அன்றே சம்பந்திக்கும் எடுத்திருந்தால் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை. இன்னும் இறங்கும் என்று பொறுத்தேன். ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் ஆஃபர் முடிந்துவிட்டது. விலை பழைய இடத்துக்குப் போய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மகள் போன் செய்தாள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் குரல்.

"அப்பா, மாமா புதுப் பெட்டி வாங்கிட்டு வந்துட்டாரு. அத்தை சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. டிக்கெட் எங்கப்பா?"

"வந்துடும்மா."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. உங்கப்பாவோட ஆஃபர் வாயிலதானான்னு சாப்பிடும்போது கேக்குறாங்க. நான் தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

முழு விலைக்கு எடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதே கப்பலில் அறைகள் காலியாகத்தான் இருந்தன. என்னிடம் பணமும் இருந்தது. முழுசாகக் கொடுத்துவிட்டு, சம்பந்தியிடம் பாதிதான் என்று சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே, சார். அந்த அவமானத்தோடு நான் கடையைத் திறந்து உட்காருவது எப்படி?

மாடிக்குப் போய்த் தையல்காரரிடம் கேட்டேன். நீங்கள் அடுத்த வருஷம் போங்கள், அறையை எனக்குக் கொடுங்கள், போட்ட பணத்துக்கு மேலேயே தருகிறேன் என்றேன். மேலேயே என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். அவர் பல்லில் நூலைக் கடித்தபடியே சிரித்தார்.

"என் வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கிற நாரைத் தூக்கிப் போட்டுட்டா அண்ணே. இனிமே நான் போகலன்னா என்னைத்தான் தேய்ப்பா."

அதோடு இன்னொரு சிக்கல். அவரே சம்மதித்தாலும் அந்தக் கப்பல்காரனிடம் ஒரு விதி உண்டு. தள்ளுபடியில் எடுத்த அறையை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. போகிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அடிபட்டால், அப்போது மட்டும் மாற்றலாம். டாக்டர் சீட்டைப் பிறகு அனுப்பினால் போதும். பதிவு செய்தவரின் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் வேலை முடிந்தது. இந்த விதியைப் பற்றி ஒருநாள் முழுக்க யோசித்தேன். கெட்ட எண்ணத்தோடு அல்ல. வருகிற வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டே, இடையிடையே.

மாடிப்படி எங்கள் இருவருக்கும் பொது. செங்குத்தான படி, சுவரோரம் மரக் கைப்பிடி. அந்தக் கைப்பிடி வெகுநாளாகவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தேன், அவரிடம் சொல்லாமல் விட்டேன். தப்புதான். அந்தத் தப்பை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள். என் அப்பாவும் இப்படித்தான். கொள்முதலுக்குப் போனால் எதிராளி சொல்லும் முதல் விலைக்கு வாயே திறக்க மாட்டார். துணியைத் தடவிக்கொண்டே இருப்பார். அவன் தானாகவே இறங்கி வருவான். நான் தானாகவே ஏறி வருகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி. கைப்பிடி ஆடவில்லை. கெட்டியாகத்தான் இருந்தது. கீழ்ப் பக்கத்துத் திருகாணிகளை நான்தான் கழற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவே அடங்கியிருந்த நேரம். மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றால் நானும் நிற்பேன், மறுபடி ஓடினால் மறுபடி திருகுவேன். ஒரு தடவை மெஷின் நின்று வெகுநேரம் சத்தமே இல்லை. படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன், வேர்வை கண்ணில் இறங்கியது. பிறகு அவர் இருமினார். மெஷின் ஓடியது. வேலையை முடித்துவிட்டுக் கைப்பிடியைப் பழையபடி சுவரோடு சாத்தி வைத்தேன். பார்த்தால் தெரியாது.

சுளுக்குக்குத்தான் கணக்குப் போட்டேன், சார். சத்தியமாக. சுளுக்கு போதும். மிஞ்சினால் ஒரு கால் எலும்பு. தினமும் சாயங்காலம் தைத்து முடித்த துணிகளை ஒரு கையில் அடுக்கி, மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியைப் பற்றித்தான் அவர் இறங்குவார். கால் எங்கே வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, கைப்பிடிதான் கண். அன்றைக்குச் சாயங்காலமாகியும் அவர் இறங்கவில்லை. படியடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்: "அண்ணே, டீ வந்திருக்கு, ஆறிடப்போகுது." டீ வரவில்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்காமலே தருகிறேன்.

விழுந்தார். சட்டைகள் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தன. தலை கடைசிப் படியில் இருந்தது. காதோரம் கொஞ்சம் ரத்தம், கண் திறந்திருந்தது. கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது.

"அண்ணே... வண்டியக் கூப்பிடுங்க."

"கூப்பிடுறேன் அண்ணே. அசையாதீங்க." பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலைக்கு ஒரு சட்டையை மடித்து வைத்தேன். "இந்த நிலைமையில நீங்க கப்பலுக்குப் போறது நடக்காது. அந்த அறையை என் சம்பந்தி பேருக்கு..."

"எடுத்துக்கோங்க. பணமே வேணாம். வண்டி..."

நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான், சார். வேறு எவனாவது இருந்தால் சரி என்று சும்மா வாங்கிக்கொண்டிருப்பான். எங்கள் பரம்பரையில் அது கிடையாது. சும்மா வருகிற பொருளைத் தொட்டால் கடை விளங்காது என்று அப்பா சுண்டு விரலால்கூடத் தொட மாட்டார்.

"சும்மா வாங்குறவன் இல்லண்ணே நான். ஒரு விலை சொல்லுங்க."

"நீங்க... குடுக்குறதக் குடுங்க."

"அது விலை இல்லையேண்ணே. வாயால ஒரு விலை சொல்லுங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூச்சில் ஒரு கரகரப்பு வந்திருந்தது. "நான் போட்டது... அதைக் குடுங்க."

நியாயமான விலை. உடனே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷம் பாருங்கள், வாய் தானாகப் பேசிவிட்டது. "சீசன் முடியப்போற நேரம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை அசைத்தார். நான் ஒரு விலை சொன்னேன், அதற்கும் அசைத்தார். சம்பந்திக்குச் சொன்ன வார்த்தை காப்பாற்றப்பட்டுவிட்டது, பாதிக்கும் கீழே.

அவர் போனைத் திறக்க விரல் ரேகை வேண்டியிருந்தது. விரலில் துணியில் கோடு போடும் சாக்கட்டித் தூள் அப்பியிருந்ததால் போன் ஏற்கவில்லை. என் சட்டையில் துடைத்தேன், அப்போதும் ஏற்கவில்லை. எச்சில் தொட்டு நன்றாகத் தேய்த்தபிறகு திறந்தது. எண் வந்தது, போட்டேன், பெயர் மாறியது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில், விழுந்து எவ்வளவு நேரம் ஆனது என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். நேரத்திலும் தள்ளுபடி. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னது மறுநாள், எல்லாம் முடிந்த பிறகு.

பேசிய பணத்தை உறையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். அவள் உறையை வாங்கவில்லை. புருஷனின் போனைக் கையில் வைத்திருந்தாள். "இவரு படியில கிடக்கும்போதே எப்படிண்ணே பேர் மாறுச்சு?" என்று கேட்டாள். கத்தவில்லை. பிறகு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அறை மாறிய நேரமும் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரமும் இப்போது உங்கள் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் நான் பேரம் பேசுவதற்கில்லை.

சம்பந்தியும் அவர் மனைவியும் புறப்பட்டுவிட்டார்கள். அறை கொஞ்சம் சின்னதாம், ஜன்னல் போதாதாம். ஆனாலும் இந்த விலைக்கு யார் கொடுப்பார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். மகள் சொன்னாள். அன்றைக்கு அவள் குரல் நன்றாக இருந்தது. இங்கே நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்துப் பார்த்தேன், சார். திருகாணியைக் கழற்றியது நான். பொய் சொல்லி இறங்க வைத்தது நான். வண்டியைத் தாமதமாகக் கூப்பிட்டதும் நான். கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாள் சொன்னதாகக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது, 'சாகப்போகிறவரிடமிருந்து அறையைப் பறித்துக்கொண்டான்' என்று. அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் பறிக்கவில்லை, முறையாக விலை பேசி வாங்கினேன். பேசி முடிக்கும்வரை அவருக்கு உயிர் இருந்தது.